தாங்குகோல்

தக்கலைக் கூட்டுறவு வங்கியில்
நகை மதிப்பிடுவது என் வேலை.
ஐந்தரைக்குமேல், வீட்டில்,
என் சொந்தத் தராசில் பொன் ஏறாது.
நேற்று ஏறியது
குளச்சலில் உடைந்த தூண்டில்கம்பின் நுனித்துண்டு,
சாளைவாடை போகாமல்.
பத்தொன்பது கிராம்.
ஒன்றுதான். ஜோடி வேண்டுமே.
இன்னொரு கம்பை உடைக்க
ஆன்டோவின் மைத்துனன் சம்மதிக்கவில்லை.

ஆறடிச் சிறகு, ரிமோட்டில் பறப்பது.
அடிவயிற்றில் தொடங்கிச்
சிறகின் பாதிவரை சரிந்தேறும்
இரண்டு கோல்களுக்குத்தான் இத்தனை பாடு.
"சும்மா அழகுக்கு இருந்தா போதும்லா,
சிறகு தானா நிக்கும்" என்றான் ஆன்டோ.
வள்ளத்து எஞ்சின் பிரிக்கிறவன்,
அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.
ஆனால் நான்
நாள் முழுக்கக் கல்லில் உரசுகிறவள்.
முலாம் வேண்டாம்,
வேலை செய்யட்டும் என்றேன்.

குடைக்கம்பியில் தொடங்கினோம்.
அவன் அம்மா மூன்று நாள்
நனைந்தபடி சந்தைக்குப் போனாள்.
கமுகு வாரியைச் சீவச் சீவ நார் எழும்பியது;
ஒரு சாரல் இரவில்
ஒன்று நேராக, ஒன்று வில்லாக.
அலுமினியக் குழாய் ஜோடி அறுபத்துநாலு.
வளைந்ததை நிமிர்த்தினால்
அடுத்த முறை அதே இடத்தில் வளைகிறது,
பிடிவாதக்காரப் பிள்ளைபோல.
கார்பன் கோயம்புத்தூரிலிருந்து வந்தது,
கறுத்து, மினுங்கி, முப்பதே கிராம்.
விலைச்சீட்டை ஆன்டோ
என்னிடம் காட்டாமல் மடித்தான்.
ரிசீவரின் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் போனால்
அலையை மறைக்கும் என்றான் அவனே,
அனுப்பிய பிறகு.
முறியும்போது ஒரு சொல் சொல்லாதாம்.
மூங்கில் முனகிவிட்டு முறியும்.

பறக்கையில் காற்று சிறகைத் தூக்கும்,
கோல் இழுபடும்.
இழுப்பதற்கென்ன,
வலைநூல்கூடப் போதும்.
தரை தொடும் நொடியில்தான்
சிறகு தன் பாரத்தையெல்லாம் கீழே தள்ளும்.
நூல் அப்போது தொங்கும்.

என் தராசுக்கு அது ஆகாது.
அரிசிக்கடைத் தராசை இரவல் வாங்கி
ஒவ்வொன்றாக நட்டு
மேலிருந்து அமுக்கினோம்.
எட்டுக் கிலோவில்
மூங்கில் வயிறு தள்ளியது.
நடுவில், சிறகிலிருந்து இறங்கும்
ஒரு சின்னக் குறுக்குக் குச்சி.
மறுபடி அமுக்கினான்.
அவன் முழங்கை நடுங்கியது,
மூங்கில் நின்றது.
ஜோடி நாற்பத்தொன்று, வார்னீஷோடு.
அன்று இரவு எனக்கு நல்ல உறக்கம்.

பங்குனிக் காலை,
தோவாளைக்குப் பக்கம் வற்றிய குளம்.
காற்றாலைகள் பாதி நின்று, பாதி சோம்பிச் சுற்ற
ஆரல்வாய்மொழிக் கணவாய்
அபூர்வமாக மூச்சை அடக்கியிருந்தது.
இரண்டு முறை ஏறி இறங்கியது.
பிச்சிப்பூ மூட்டையுடன் போன ஒருவர்
பைக்கை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
மூன்றாம் இறக்கத்தில்
எங்கிருந்தோ ஒரு காற்று.
இடது சிறகு மண்ணைத் தட்டியது,
டிக் என்று ஒரு சத்தம்.

ஓடினேன்.
மூங்கில் முழுசாகக் கிடந்தது,
ஒரு கீறல் இல்லை.
வயிற்றோடு அதைப் பிணைத்திருந்த
இரண்டு மில்லிமீட்டர் திருகாணி
இரண்டு துண்டாக.

பெட்டியில் கிடந்ததை எடுத்துப் போட்டது.
யார் போட்டோம் என்பதுகூட நினைவில்லை.

ஆன்டோ சிரிக்க ஆரம்பித்தான்.
தோடு தொலைவது
தங்கம் தேய்ந்தா?
வாரத்துக்கு ஒருத்தியாவது
ஒற்றைத் தோட்டுடன் வந்து நிற்கிறாள்
என் கவுண்டரில்.

உடைந்த பாதி
செம்மண்ணில் எங்கேயோ.
பூக்காரரும் குனிந்து தேடுகிறார்,
என்ன தேடுகிறோம் என்று
இன்னும் கேட்கவில்லை.