மாதா என்று எழுதிய சுவிட்ச்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகம். நாலு மணி வெயில்.
ஒன்பதுக்கு ஐஸ் ஏறும்,
பதினொன்றுக்குப் படகு போகும்.
அதற்குள் ராடார் கண்ணில் விழுந்த பூவை எடுக்கணும்.

ஆன்றோஸ் சொல்கிறான்:
"பொழியூர்க்காரன் வயர்லெஸ்ஸில் வாய் திறந்தா
அப்பளம் பொரிக்கிற சத்தம்தான் வருது.
ராடாரில் சக்கரம் சக்கரமா கோடு.
கப்பல் எது, மழை எது,
ஒண்ணும் பிடி கிட்டல, பிரிஜிலா."
சொல்லும்போது அவன் கை
பின்பக்கத்துப் புதுப் பலகைமேல் இருந்தது.
அந்தப் பலகை ஏன் புதுசு என்று நான் கேட்கவில்லை.

கேபின் மூடியைக் கழற்றினால்
எனக்கு முன்னால் வந்த அவசரக்காரனின் கைவேலை:
ராடார், வயர்லெஸ், இன்வெர்ட்டர், பம்பு,
எல்லாம் ஒரே டேப்பில் கீரைக்கட்டு.
மிஞ்சிய மூன்று மீட்டரைச் சுருட்டி
திசைகாட்டிக்குப் பின்னால் திணித்திருக்கிறான்.
சுருட்டிய கேபிள் சும்மா கிடக்காது.
பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கும்,
கேட்டதைத் தன் பேச்சில் கலந்துவிடும்.

டேப்பை அறுத்தேன்.
ராடார் கேபிள் வலப்பக்கம்,
வயர்லெஸ் இடப்பக்கம்,
இருவருக்கும் நடுவே ஒரு முழம்.
சந்தித்தே ஆகவேண்டிய ஓரிடத்தில்
நேர்க்குறுக்காய் வெட்டிப் போகட்டும்,
நின்று பேச வேண்டாம்.
வளைவில் அழுத்தி மடக்கவில்லை;
உள்ளே நரம்பு ஒடிந்தாலும்
வெளித்தோல் சிரித்துக்கொண்டிருக்கும்.
கம்பத்திலிருந்து நுழையும் வாயில்
ஒரு தொங்கல் விட்டேன்,
மழை அங்கேயே சொட்டிக்கொள்ள.

"மேலே ஆரும் நிக்கப்பிடாது!"
கத்திவிட்டு ராடாரைச் சுழலவிட்டேன்.
கோடுகள் இல்லை.
அலைத்தடுப்புக் கல், ஆற்று முகத்துவாரம்,
தள்ளி ஒரு நாட்டுப்படகு.
ஆனால் வயர்லெஸ்ஸில் அப்பளம்
இன்னும் எண்ணெயில்தான் கிடந்தது.

எல்லாவற்றையும் அணைத்தேன்.
சட்டென்று அமைதி,
ஐஸ் பெட்டியில் சொட்டும் தண்ணீர் கேட்குமளவு.
ஒவ்வொன்றாய் ஏற்றினேன்.
பம்பு, பழுதில்லை.
எக்கோ, பழுதில்லை.
டெக் விளக்கு, இன்வெர்ட்டர், அவையும் யோக்கியம்.
ஆறாவது சுவிட்ச்சில்
சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: மாதா.
தட்டினேன்.
படத்தைச் சுற்றி நீலமும் பச்சையும் ஓட,
ஒலிபெருக்கியில் ஒரு கல்யாணச் சமையலறை.

"அதை மட்டும் அணைக்கப்பிடாது."
ஆன்றோஸ் குரல் தாழ்ந்திருந்தது.
களியிக்காவிளையில் டெல்பி வாங்கினதாம்,
முன்னூறு ரூபாய்.
கப்பல் உரசிப் போன ராத்திரி
எல்லா விளக்கும் செத்தபோது
இது மட்டும் மினுங்கிக்கொண்டிருந்ததாம்.

அந்த மினுக்கத்தால்தான்
கப்பல்காரன் குரல் உனக்குக் கேட்காமல் போயிருக்கலாம்
என்று நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கினேன்.
ஒருவேளை அதைப் பார்த்துத்தான்
கப்பல் கொஞ்சம் திரும்பியதோ,
எனக்கென்ன தெரியும்.

பையிலிருந்து ஃபெரைட் வளையம் எடுத்தேன்,
கருப்பட்டித் துண்டு போல் கறுப்பு, கனம்.
பிளஸ்ஸையும் மைனஸையும் சடையாய்ப் பின்னி
வளையத்துக்குள் ஐந்து சுற்று.
வயர்லெஸ் ஆன்டெனா வயரிலிருந்து
எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூரம் இழுத்துக் கட்டினேன்.
சத்தம் இறங்கியது.
பொரியல் நின்று,
அடுப்பை அணைத்த பிறகு
சட்டி முனகுமே, அவ்வளவுதான் மிச்சம்.

அப்போது பொழியூரிலிருந்து ஒருவன்:
"ஆன்றோஸே, கேக்குண்டோ?"
"கேக்குது மக்கா, கேக்குது. கூவாதே."

ராடாரில் ஒன்பது மைலில் ஒரு புள்ளி.
வெளியே எட்டிப் பார்த்தேன்,
கடல்தான் இருந்தது.
உள்ளே புள்ளி நகர்ந்தது.

"முனகல் கொஞ்சம் இருக்கும்," என்றேன்.
"இருக்கட்டு."
பில் எழுதினேன்:
கேபிள் மாற்றிப் போட்ட கூலி.
கிளிப் பதினாறு.
வளையம் ஒன்று, நூற்றிருபது.
எதற்கு என்ற இடத்தை
வெறுமையாய் விட்டேன்.
அவன் அதைப் படித்துப் பார்த்து
நூற்றைம்பதாய்க் கொடுத்தான்.