அச்சிட்ட இடம்

ஆடி மாதம். பத்திரிகை அடிக்க ஆளில்லை.
ஆஃப்செட் மெஷினுக்குப் போர்வை போர்த்திவிட்டு
கொசு அடித்துக்கொண்டிருந்தேன்.
முத்துப்பேட்டையிலிருந்து சஃபூரா வந்தாள்,
டாக்டர் படிப்பை நாலாம் வருஷத்தோடு விட்டு
கார்கிவிலிருந்து திரும்பியவள்.
கையில் பென் டிரைவ்.
பதினாறு படம், அறுபது பிரதி, எவ்வளவு ஆகும்?

திறந்து பார்த்தேன்.
பக்கத்துக்கு ஒரு ஜன்னல்.
ஒவ்வொரு ஜன்னல் மேலும் மூலைக்கு மூலை
பெருக்கல் குறி.
"எல்லாத்தையும் அடிச்சு வச்சிருக்காங்களேம்மா,
இதுக்கு சரியான காப்பி எங்க?"

"அது டேப் அண்ணே.
குண்டு விழுந்தா கண்ணாடி மூஞ்சில பாயாம இருக்க
உள்பக்கமா ஒட்டுறது."

அப்புறம்தான் கவனித்தேன்.
ஒரே கட்டடத்தில் இரண்டு பேர் ஒரே மாதிரி ஒட்டவில்லை.
ஒன்று மீன்வலை. ஒன்று நட்சத்திரம்.
நாலாம் மாடியில் யாரோ, எந்தப் பதற்றத்திலோ,
மீசையோடு ஒரு பூனை.

வரைந்தவள் ஓரிஸ்யா, சஃபூராவின் மேல்வீட்டுக்காரி.
கரண்ட் இல்லாத ராத்திரிகளில்
நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு
லினோலியத்தில் செதுக்கி
சப்பாத்திக் கட்டையால் தேய்த்து
சமையலறையிலேயே புத்தகம் போடுகிறவள்.
பதிப்பகம் என்று பெயர்கூட உண்டு.
அதில் வேலை பார்ப்பது
அவளும் ஒரு தையல் ஊசியும்.
இப்போது தாள் இல்லை.
நீ இருக்கிற ஊரில் போடு என்று அனுப்பிவிட்டாள்.

கஜா அன்றைக்கு என் ஷட்டர் பிய்ந்து
நாற்பது ரீம் ஊறிச் சோறாய்ப் போனதைச்
சொல்ல வாயெடுத்தேன்.
அது காற்று. ஒரு ராத்திரி வந்தது, போனது.
சொல்லவில்லை.

என்ன தாளில் என்று கேட்டோம்.
கிடைக்கிற தாளில், என்றாள்.
பரணில் ஆயிரம் அட்டை கிடந்தது,
நின்றுபோன ஒரு கல்யாணத்தினுடையது.
பாக்கிப் பணமும் வரவில்லை,
அட்டையைக் கேட்டும் யாரும் வரவில்லை.
ஒரு பக்கம் முகூர்த்தமும் மண்டபமும்,
மறுபக்கம் வெறும் மஞ்சள்.
பெண் வீட்டார் கண்ணில் பட்டால் வம்பு.
கட்டிங் மெஷினில் வைத்துப்
பெயர்களை மட்டும் ஓரமாய் நறுக்கினேன்.
நறுக்கியபின் மிஞ்சியது ஒரு வரி:
தங்கள் நல்வரவை விரும்பும்

அதற்குக் கீழே யாரும் இல்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று
அங்கிருந்து ஒரு செய்தி.
சஃபூரா ரொம்ப நேரம் ஏதோ தட்டினாள்,
அழித்தாள், தட்டினாள்.
கடைசியில் அவள் அனுப்பியது இரண்டே சொல்.
என்னவென்று நான் கேட்கவில்லை.

கடைசி அட்டையில் அச்சகத்தின் பெயர் வேண்டுமாம்,
அவர்கள் எழுத்தில்.
திருத்துறைப்பூண்டி ஒரு வரி முழுக்கத் தின்றது.
அடுத்த வரி, இந்தியாவில்.
அவர்கள் எழுதினால் அந்தச் சொல் முடிகிற இடத்தில்
தலையில் இரண்டு புள்ளியோடு ஒரு எழுத்து.
என் சிஸ்டத்தில் அது கட்டம் கட்டமாய் வந்தது.
நம் எழுத்தில் புள்ளி வைத்தால் ஓசை ஒடுங்கும்;
இதில் கூடுகிறதாம்,
யி, யி என்று இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள்.
மொட்டைக் கோடாய் அடித்துவிட்டு
புள்ளியைக் கையால் வைக்க உட்கார்ந்தேன்.
அறுபது பிரதி, நூற்றிருபது புள்ளி.

முப்பதைத் தாண்டும்போது கரண்ட் போனது.
அவள் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.
வெளிச்சத்துக்குத் திரண்டன கொசுக்கள்.

மறுநாள் பத்துப் பிரதியைப் பார்சல் கட்டினாள்,
வார்சாவில் யாரோ வாங்கி அங்கிருந்து கொண்டுபோவார்கள்.
அடுக்கும்போது ஒன்றைத் தனியே எடுத்து நீட்டினாள்.
நாற்பத்திமூன்றாவது.
இந்தியாவில், முதல் புள்ளி என் பேனா.
அடுத்தது கொஞ்சம் பழுப்பு,
ஒரு கால் நீட்டியபடி.

வேறே ஒண்ணு போட்டுத் தரேன் என்றேன்.
அதற்குள்
அதையும் உள்ளே வைத்து ஒட்டிவிட்டாள்.