முழங்கையிலிருந்து முழங்கால் வரை

டிசம்பரில் ட்ரொண்ட்ஹெய்முக்கு
பத்து மணிக்குத்தான் விடியும்.
அதற்குள் சுன்னிவா இரண்டு ஜோடி எலிகளைத்
தைத்து முடித்திருப்பாள்.

முழங்கையிலிருந்து முழங்கால் வரை கீறல்.
கிழத்துக்கு இடப்பக்கம், குட்டிக்கு வலப்பக்கம்.
தோலோடு தோல், கரையும் நூல்.
ஈருடல் ஓருயிர் என்பது கல்யாணப் பத்திரிகைக்கு.
இங்கே உயிர் இரண்டுதான்,
இரத்தம்தான் ஒன்று.

முதல் வாரம் இழுபறி.
கிழம் மூலைக்கு இழுக்கும், குட்டி தண்ணீர்க் குழாய்க்கு.
பத்தாம் நாள் வாக்கில் மயிரிழை நாளங்கள்
யாரையும் கேட்காமல் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்.
பிறகு இரண்டும் ஒரே திசையில் நடக்கும்,
நடுவில் நிற்கும்,
நடக்கும்.

ஐந்தாம் வாரம் நுண்ணோக்கியில்
கிழத்தின் தொடைத்தசை, வேண்டுமென்றே காயப்படுத்தியது.
இருபத்திரண்டு மாதக் கிழத்தில் தூங்கிக் கிடந்த மூலச்செல்கள்
விழித்து, பிளந்து,
அறுந்த நாரைக் கோத்துக்கொண்டிருந்தன.
பச்சைப் பச்சையாய் ஒளிர்ந்தன.
பேராசிரியர் ஹால்வார் மேசையைத் தட்டினார்.
யாரோ கேக் வாங்கி வந்தார்கள்.

குட்டியின் தசையை யாரும் கேட்கவில்லை.
சுன்னிவாதான் அதையும் சீவிச் சாயமேற்றிப் பார்த்தாள்.
நாலு மாதக் குட்டிக்கு
உள்ளே நரை தட்டியிருந்தது.
வரைபடத்தில் ஏறிய கோடு ஒன்றுதான்.
இறங்கிய கோடு அவள் நோட்டில்,
பென்சிலில்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு.
இடது முழங்கால் படிகளை எண்ணத் தொடங்கியிருக்கிறது.
"ஒரு லிட்டர் தரட்டுமா? இருபத்துநாலு வயசுச் சரக்கு"
என்று கையை நீட்டினான் மகன் எய்விந்த்.
சட்டைக் கையை இழுத்து மூடிவிட்டாள்.
அவனுக்கு வேடிக்கை புரியவில்லையோ என்றிருந்தது,
அவளுக்கும்தான்.

ஏப்ரலில் வேறு சோதனை. குட்டி வேண்டாம்.
கிழத்தின் குருதிநீரில் பாதியை எடுத்துவிட்டு
உப்புநீரும் கொஞ்சம் ஆல்புமினும் ஏற்றினார்கள்.
அதே தசை, அதே பச்சை,
ஏறத்தாழ அதே அளவு.
சுண்டிப்போன குழம்பில் தண்ணீர் விட்டதுபோல
உறைப்பு தணிந்திருந்தது, அவ்வளவுதான்.

"அப்படியானால் அந்தக் குட்டிகள்?"
ஹால்வார் மின்னஞ்சல் படித்துக்கொண்டிருந்தார்.
"ம்?" என்றார்.

அன்று பேருந்தை விட்டுவிட்டுத்
துறைமுகம் வழியே நடந்தாள்.
உதட்டில் உப்பு படிந்தது.
முழங்கால் வலித்தது.
வலிக்கட்டும் என்று நடந்தாள்,
பையில் ஒரு நூல் உறை,
பிரிக்காதது.