அறுநூற்றுப் பதினொன்றில் ஒரு பள்ளம்

எஃகுக் குடுவையை ஓர் ஆணின் கம்பளித் தொப்பியால் மூடி
மடியில் வைத்துக்கொண்டு
இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள் இங்கெலிஸ்.
கூரியரில் அனுப்பலாம் என்று
தாளில் அச்சிட்டுத்தான் கொடுத்திருந்தோம்.

லிம்ஃபியோர்டின் பிப்ரவரிக் குளிர்
அவள் கோட்டை விட்டு இன்னும் இறங்கவில்லை.
தொள்ளாயிரம் பன்றிகளின் வாடையும்தான்.
அதற்கு மன்னிப்புக் கேட்டாள்.
"தொழுவத்துக்குக் கீழே இருக்கிற சாணக்குழி.
கலக்கியை ஓடவிட்டு,
கதவுக்கு வெளியே நின்று,
நீளக் குழாய் வைத்து எடுத்தேன்.
நீங்கள் எழுதியிருந்தபடியே."

அக்டோபரில் தோர்கில் இறங்கியது அந்தக் குழிக்குத்தான்.
அடைத்துக்கொண்ட அடைப்பிதழைத் தட்டிவிட, ஒரு நிமிட வேலை.

காப்பீட்டுக்காரர்களுக்கு ஓர் எண் வேண்டும்.
அவளுக்கு வேண்டியது அதுவல்ல:
"அவருக்கு வாடை தெரிந்திருக்குமா?"

நான் குழாயைப் பொருத்துவதில் மும்முரமானேன்.

எங்கள் கருவிக்கு மூக்கில்லை,
அதனால் மரத்துப்போவதும் இல்லை.
ரேடியோ என்றால் ஒளி சிரிக்கும்,
ஒளி என்றால் ரேடியோ சிரிக்கும்,
இரண்டுக்கும் நடுவே ஓர் அலை: டெராஹெர்ட்ஸ்.
மூலக்கூறுகள் சுழல்கின்றன, பம்பரம் போலத்தான்,
ஆனால் நினைத்த வேகத்தில் அல்ல,
விதித்த படிகளில் மட்டும்.
படிக்குப் பொருந்திய அலை வந்தால் விழுங்கிவிடும்.
விழுங்கிய இடத்தில் திரையில் ஒரு பள்ளம்.

"முதலில் எதற்கு எல்லாவற்றையும் இறைக்கிறீர்கள்?"
பம்பின் இரைச்சலுக்கு மேலே கேட்டாள்.
நெரிசலில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், கோடு தடிக்கும்,
யார் எவர் என்று தெரியாது.
காற்றை ஆயிரத்தில் ஒரு பங்காக மெலித்துத்
தனித்தனியே விட்டால்தான்
ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லும் என்றேன்.
"போலீஸ்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள்," என்றாள்.
"என்னை ஓர் அறையில். பையனை ஓர் அறையில்."

அறுநூற்றுப் பதினொன்றில் எழுந்தது கந்தகக் கோடு.
எழுந்தது என்கிறேன், விழுந்தது.
கூர்மையாக, ஊசி குத்தினாற்போல,
ஹைட்ரஜன் சல்ஃபைடு.
ஐந்நூற்றைம்பத்தேழில் தண்ணீர்,
எந்த வீட்டுக்கும் அழைக்காமல் வரும் உறவினர்;
இன்றோ பெட்டி படுக்கையோடு.
அப்புறம் மெத்தனால்.
கொஞ்சம் எத்தனாலும்.

பக்கத்து மேசையிலிருந்து ஃப்ரோதெ எட்டிப் பார்த்தான்.
"இது பன்றி இல்லை," என்றான்,
"இது மனிதர்."

அவள் தொப்பியைச் சுருட்டினாள், விரித்தாள்.
"பேருந்தில் திருகைக் கொஞ்சம் திறந்தேன்.
மூக்கை வைத்துப் பார்த்தேன்.
அவர் கடைசியாக முகர்ந்தது எதுவோ அதை.
ஒன்றுமே இல்லை."

இருக்காது.
பாதிதான் நிரம்பிய குடுவை அது, மீதி வெற்றிடம்.
திறந்தால் எதையும் வெளியே விடாது,
உள்ளே இழுக்கும்.
அவள் அதை முகரவில்லை.
அதுதான் அவளை முகர்ந்திருக்கிறது,
லோக்ஸ்டோருக்கும் ஆல்போர்க்குக்கும் நடுவே எங்கேயோ,
சன்னல் ஓரத்து இருக்கையில்.

கொதிக்கும் பானை விடுவதும் ஆவி,
குழியில் போனதும் ஆவி,
நம் மொழிக்கு இரண்டும் ஒரே சொல்.
அவள் மொழிக்கு அது தெரியாது.
திரைக்கு எந்த மொழியும் தெரியாது;
ஐந்நூற்றைம்பத்தேழு என்று மட்டும் சொன்னது.

ஃப்ரோதெ படிவத்தில் எழுதினான்: கெட்ட மாதிரி.
அழிக்கச் சொன்னான்.
நான் வேறு பெயரில் சேமித்தேன்.

பிறகு அவள் கேள்விக்கு வந்தேன்.
தெரிந்திருக்கும், முதலில்.
அழுகிய முட்டை.
அளவு ஏற ஏற மூக்கு தோற்றுவிடும்.
வாடை விட்டுவிட்டது, இனி இறங்கலாம்
என்றுதான் தோன்றியிருக்கும்.

"அப்படியானால் நல்லதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்."

ஆமாம் என்றேன்.

அவள் அழவில்லை. தன் பன்றிகளைப் பற்றிப் பேசினாள்,
விற்கப்போகிறாளாம், ஏப்ரலுக்குள்.

புதுக் குடுவை ஒன்றை இறைத்துக் கையில் கொடுத்தேன்.
இதை வழியில் திறக்காதீர்கள்.
கதவருகே நின்றாள்.
"இது காலியா?"
"முழுக்க."
அதற்கும் அந்தத் தொப்பியைப் போட்டு,
காது மடல்களை இழுத்துவிட்டு,
எடுத்துப் போனாள்.