தொண்ணூறு லிட்டர் பகல்

நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி பாதி கழிந்துதான் வரும்.
அதுவரை வார்டோவில், எங்கள் வீட்டில்,
பகல் என்பது தொண்ணூறு லிட்டர்.

ஹால்வார் கப்பலேறும்போது சொன்னது இரண்டுதான்:
தீனி ஒரு சிட்டிகை.
விளக்கு எட்டு மணி நேரம், கூடினால் பாசி.

முதல் வாரம் எட்டு.
பிறகு பத்து, பன்னிரண்டு,
ஒரு ஞாயிறு அணைக்கவே இல்லை.
காட் மீனுக்குத் தலை வெட்டும் ஆலையிலிருந்து
கையுறை நாற்றத்தோடு திரும்புகையில்
தெருமுனையிலேயே தெரியும் அந்த ஜன்னல்.
வீட்டில் யாரோ விழித்திருப்பதாக
என்னை நானே ஏமாற்றிக்கொள்ள அது போதும்.

கண்ணாடி பச்சையானது.
இலைகளில் மயிர் முளைத்தது.
நியான் மீன்கள் வேரடியில் ஒதுங்கின.
இமையில்லாதவை,
எங்கே போய்க் கண் மூடும்?

காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டினேன்.
டைமர் ஒன்று வாங்கினேன்.
பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து.

நேற்று பத்துக்கு, டக்.
தொட்டி, அறை, வெளியே கடல்
எல்லாம் ஒரே கறுப்பு.
வேறு விளக்கைப் போட எழுந்தவள்
பாதியில் நின்றேன்.
குமிழிச் சத்தம் மட்டும்.
நீலத்தையும் சிவப்பையும் கழற்றி வைத்துவிட்டு
அவை தூங்கிக்கொண்டிருந்தன.

மே மாதம் நள்ளிரவிலும் வெயில் அடிக்கும்.
அப்போது தொட்டியை மூட வேண்டும்,
அதைச் சொல்ல மறந்துவிட்டான் ஹால்வார்.
அவனுடைய பழைய கம்பளிச் சட்டையை
எடுத்து வைத்திருக்கிறேன்,
இன்னும் துவைக்கவில்லை.