நான்காம் பிரதி

மேசைக்கு நாற்பது டாலர் வாடகை.
விரிப்பு மட்டும் நீளமாய்க் கேட்டு வாங்குவேன்,
தரையைத் தொட வேண்டும்.
சரக்கில் பாதி அதன் கீழேதான்.

ஃபோர்ட் வெய்ன், விமான நிலையத்து ஹோட்டல்,
பால்ரூம் பி. எதிர்மேசையில் பிளாஸ்டிக் வாள்கள்.
பக்கத்தில் ஒரு ரத்தக்காட்டேரி
பல்லைக் கழற்றிக் காகிதக் கோப்பையில் போட்டுவிட்டு
கடுகு வழிய ஹாட் டாக் தின்கிறது.

என்னிடம் இருப்பவை கடைக்கு வராதவை.
கம்பெனி மூழ்கிப்போனவை,
உரிமை யாருக்கென்று மூன்று வாரிசுகள்
அடித்துக்கொள்பவை.
"இது திருட்டு இல்லையா?"
கேட்டுக்கொண்டே அட்டையைத் திருப்பி விலை பார்ப்பார்கள்.
திருட்டுதான். இருபது டாலர்.
இரண்டு எடுத்தால் முப்பத்தைந்து.

வீட்டில், அடுப்பு மேடையில், இரண்டு வி.சி.ஆர்.
ஒன்று ஓதும், மற்றது எழுதிக்கொள்ளும்.
பிரதியின் பிரதி, அதன் பிரதி.
ஒவ்வொரு முறையும் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும்.
முகங்களில் மூக்குதான் முதலில் போகும்.

ஏரிக்கடியிலிருந்து ரப்பர் ஜந்து ஏறிவரும் படம் ஒன்று.
அதற்கு இந்த வருடம் நல்ல பிரதி சிக்கியது, பெல்ஜியத்திலிருந்து.
ஜந்துவின் முதுகு ஜிப்கூடத் தெரியும்.
பழையதை, 1978-இல் யாரோ ஒரு நள்ளிரவில்
டிவியிலிருந்து பிடித்ததின் நான்காம் தலைமுறையை,
ஐந்து டாலர் பெட்டியில் எறிந்திருந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்தார்.
வேஷம் இல்லை. தீவனக் கடைத் தொப்பி.
மணிக்கட்டில் நுழைவுப் பட்டை,
ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டதுபோல.
பெல்ஜியத்தை நீட்டினேன். ஜிப்பைப் பற்றிச் சொன்னேன்.
"இதில் அடியில் எழுத்து ஓடுமா?"
சப்டைட்டிலா?
"இல்லை. சூறாவளி எச்சரிக்கை."

பெட்டிக்குள் தோள்வரை கைவிட்டுத் தேடினேன்.
மேசை டிவியில் போட்டு ஓட்டினேன்,
நாற்பத்து மூன்றாம் நிமிடம்வரை.
படகுத்துறையில் அந்தப் பெண்
ஒற்றைச் செருப்பைத் தேடுகிறாள்.
அவள் காலுக்குக் கீழே
வலமிருந்து இடமாய் நகரத் தொடங்கியது
ஒரு வரி.

எனக்கு அது வெள்ளைப் புழுக்களின் ஊர்வலம்.
அவர் வாசித்தார்.
தடங்கல் இல்லாமல், வாய்விட்டு:
டன்மோர் கவுண்டி, தெற்குப் பகுதி,
பதினொன்று இருபதுவரை,
தாழ்வான அறைக்குச் செல்லவும்,
ஜன்னல்களை விட்டு

அங்கே வரி முடிந்துவிட்டது.
செருப்பு கிடைத்துவிட்டது அவளுக்கு.

"படித்தோம்" என்றார். "இரண்டு பேரும்தான் படித்தோம்.
ஜந்து வரட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள் வெல்டா."

பின்னால் வரிசை நின்றது.
அட்டைப்பெட்டி ரோபோ ஒருவன்
சரிந்த தோளைத் தூக்கிவிட்டுக்கொண்டு
"நகருங்க சார்" என்றான்.
சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
ஐந்து டாலர் என்றேன்.
ஒற்றை நோட்டுகளாக எண்ணி வைத்தார்,
ஒவ்வொன்றையும் நீவி.
ரசீது கேட்டார்.
பதினொரு வருடத்தில் என்னிடம் ரசீது கேட்ட ஒரே மனிதர்.
ஹாட் டாக் சுற்றிய தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

நான்கரைக்கு ஹோட்டல் காவலாளி டெனீஸ் சுற்றிவந்தாள்.
விரிப்பை இழுத்துவிட்டு நின்றேன்.
அவளுக்கும் தெரியும்.
தரையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவர் படித்தாரா, மனப்பாடமா,
இன்னும் தெரியவில்லை.

ஞாயிறு இரவு பெல்ஜியத்தை ஓட்டிப் பார்த்தேன்.
படகுத்துறை. செருப்பு. எல்லாம் துல்லியம்.
அவள் காலுக்குக் கீழே தண்ணீர்,
வெறும் தண்ணீர்.

லேபிளில் "முழுமையான பிரதி" என்று எழுதியிருந்தேன்.
முதல் வார்த்தையை மார்க்கரால் அடித்தேன்.
விலையை அப்படியே விட்டேன்.