பொறுமை 97

ஊலுவில் டிசம்பர்.
பத்தேகாலுக்கு விடிந்து
இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிற பகல்.
எங்கள் ஐந்தாம் மாடியில் அது முட்டை பொரிக்கும் வாரம்.
ஆளுக்கொன்று. கருப்புத் திரையின் வலது மூலையில்
மூன்று முறை ஆடி, உடையும்.

தாய்மிக்கு ஆந்தை.
எனக்கு வாத்து, சாதாரண இனம், தொப்பிகூடக் கிடையாது.
ஐமோவுக்கு நத்தை:
அடைப்புக்குறி அதன் ஓடு, இரண்டு புள்ளி அதன் கண்.
கீழே ஜாதகம் மாதிரி
பொறுமை 97, குறும்பு 4, பிழை பிடித்தல் 31.

ஓட்சோவுக்குப் பொன் டிராகன்.
திறந்த மடிக்கணினியைத் தாம்பாளம்போல் ஏந்தி
மேசை மேசையாகக் காட்டிவந்தான்.
ஐமோவிடம் மட்டும், "ஓ, நத்தையா" என்றான்.

அன்றிரவு ஐமோ வீட்டுக்குப் போகவில்லை.
எல்லா முட்டைக்கும் மூலம் ஒரு விதை எண்;
எண்ணை மாற்றினால் உயிர் மாறும்.
பதினோரு வரியில் நிரல்:
பொரி, பார், பிடிக்காவிட்டால் அழி, மறுபடி பொரி.

எனக்கு இரவுப் பணி. சர்வர்களுக்குக் காவல்.
நிமிடத்துக்குப் பத்துப் பிராணிகள்
அவன் திரையில் கண் திறந்து,
திறந்த கண்ணோடு போயின.
பூனை. தவளை. மறுபடி பூனை.
ஒரு நீர்நாய் "மொய்" சொல்லத் தொடங்கி
"மொ"வோடு போயிற்று.
நான் காப்பி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிகாலை நாலுக்கு,
நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவதாக,
மினுங்கும் வெள்ளி ஓநாய்.
ஐமோ கத்தவில்லை. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.

ஓநாயின் பொறுமை 2.
அவன் வரியை முடிக்குமுன் "தப்பு" என்கிறது,
முடித்ததும் "சொன்னேனே" என்கிறது,
கை நிறுத்தி யோசித்தால்
கொட்டாவி விடுகிறது.

வியாழக்கிழமை என் மேசைக்கு வந்தான்.
"அந்த நத்தையின் எண்ணை
யாராவது குறித்து வைத்தோமா?"
இல்லை.
பழைய எண்ணின் மேலேயே
புதியதை எழுதியிருந்தான்.

இப்போது அதே நிரல் நத்தை தேடி ஓடுகிறது.
வருகின்றன, ஏராளமாக. சாதாரண இனம்தானே.
பொறுமை 40. பொறுமை 12. பொறுமை 88.
"எண்பத்தெட்டை வைத்துக்கொள்ளேன்."
ஒரு வாரம் வைத்திருந்தான்.
நேற்று 97கூட வந்தது; குறும்பும் நாலுதான்.
வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு
"இது வேறு நத்தை" என்றான்.

வெளியே இரண்டு மணி, இருட்டிவிட்டது.
இருபதாம் வரியில் அரைப்புள்ளி இல்லை என்றது என் வாத்து.
இருந்தது.
இருக்கிறது என்று அதற்குச் சொன்னேன்.
நல்லது என்று வாலை ஆட்டியது.